ஒரே நாளில் டொலேடோவும் செகோவியாவும்: சுற்றுலா விளம்பரங்களில் விடுபடும் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஸ்பெயினின் பழம்பெரும் நகரங்களைப் பற்றி வெளியான கட்டுரையையும், அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில் வந்திருந்த குழுச் சுற்றுலா விளம்பரத்தையும் சேர்த்தே படித்தேன். கட்டுரை அந்நகரங்களின் வரலாற்றை நன்றாக எடுத்துச் சொல்லியிருந்தது. விளம்பரமோ, மாட்ரிட்டிலிருந்து பேருந்தில் புறப்பட்டு டொலேடோவையும் செகோவியாவையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம் என்று அறிவித்தது. இதே வகைப் பயணத்தை அண்மையில் குடும்பத்தோடு மேற்கொண்டு திரும்பியவன் என்ற முறையில், வாசகர்கள் பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கணக்கு இவ்விரண்டிலும் விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டவே இதை எழுதுகிறேன். ஊர்களின் பெயர்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. அந்த ஊர்களுக்குள் பயணி எத்தனை மணி நேரம் இருப்பார், எந்தெந்தக் கட்டடங்களின் வாசலைத் தாண்டி உள்ளே போவார் என்ற விவரம் சிறிய எழுத்தில்கூட இல்லை.

மாட்ரிட்டிலிருந்து தெற்கே டொலேடோ ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வடமேற்கே செகோவியா ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தலைநகருக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இருப்பதால், ஓர் ஊரைப் பார்த்துவிட்டு மற்றோர் ஊருக்குப் போகும் பேருந்து மாட்ரிட்டை ஒட்டியே திரும்பி வந்து, குவாதர்ராமா மலைத்தொடரைச் சுரங்கப்பாதை வழியாகக் கடந்து, 160 கிலோமீட்டர் அளவுக்கு ஓடியாக வேண்டும். மூன்று கட்டங்களையும் கூட்டினால் 320 கிலோமீட்டர்; நெரிசல் இல்லாத நாளிலேயே இருக்கையில் கழியும் நேரம் நான்கரை மணிக்குக் குறையாது. காலை எட்டரைக்குப் புறப்பட்டு இரவு எட்டரைக்குத் திரும்பும் பன்னிரண்டு மணி நேரத்தில் அது போக, மதிய உணவுக்கு ஒன்றரை மணி, கைவினைக் கடையில் முக்கால் மணி, ஆற்றின் மறுகரையில் படம் எடுத்துக்கொள்ள இருபது நிமிடம், பேருந்து நிறுத்தத்திலிருந்து மேட்டில் ஏறி இறங்குவதற்கும் கழிப்பறை வரிசைக்கும் ஒவ்வொரு முறையும் ஆள் எண்ணிச் சரிபார்ப்பதற்கும் சேர்த்து ஒரு மணிக்கு மேல் என்று கழித்துக்கொண்டே வந்தால், ஊருக்கு இரண்டு மணி நேரம் மிஞ்சும். அதுவும் குழுவில் எவரும் தாமதிக்காமல் இருந்தால்தான்.

இந்த அவசரத்துக்காக ஓட்டுநரையோ வழிகாட்டியையோ குறை சொல்வது நியாயமாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, பேருந்து ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டியதும் மொத்தம் 45 நிமிடம் இடைவேளை எடுத்தாக வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அது 10 மணி வரை நீளலாம். நாள்தோறும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு அவருக்கு உண்டு, அதைச் சில நாட்களில் மட்டுமே 9 மணியாகக் குறைக்க முடியும். வண்டியில் பொருத்தப்பட்டிருக்கும் டேக்கோகிராஃப் இவை அனைத்தையும் நிமிடக் கணக்கில் பதிந்துவைக்கிறது, மீறினால் அபராதம். காலையில் விடுதி வாசலில் நம்மவர் ஒருவர் அரை மணி தாமதமாக வந்தால், அந்த அரை மணியை நாளின் இறுதியில் ஓட்டுநரிடமிருந்து பெற முடியாது. அது செகோவியாவில் பார்க்க வேண்டிய நேரத்திலிருந்துதான் கழியும். இது பயணிகளின் பாதுகாப்புக்கான நல்ல விதி. ஆனால் இவ்விதி இருப்பது தெரிந்தே நாளை நிரப்பிவைக்கும் நிறுவனங்கள், அதைப் பயணியிடம் முன்கூட்டியே சொல்வதில்லை.

வழிகாட்டிகளின் நிலையும் இத்தகையதே. அங்கே வழிகாட்டி உரிமம் வழங்குவது தன்னாட்சிப் பிரதேச அரசுகளின் பொறுப்பு. டொலேடோ காஸ்தில்யா-லா மான்சாவையும், செகோவியா காஸ்தில்யா-லெயோனையும் சேர்ந்தவை. ஆகையால் சில நிறுவனங்கள் ஊருக்கு ஓர் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துகின்றன. வேறு சில, குழுவோடு வரும் பயண மேலாளர் பேருந்தில் ஒலிபெருக்கி வழியாகச் சொல்வதோடு முடித்துக்கொள்கின்றன. எங்களுக்கு வாய்த்த டொலேடோ வழிகாட்டி, ஒவ்வொரு கல்லையும் அறிந்த ஒரு பெண்மணி. காதில் மாட்டிக்கொள்ளும் சிறு வானொலிக் கருவி வழியாக அவர் பேசப் பேச நாங்கள் பின்னால் நடந்தோம். கேள்வி கேட்க மட்டும் நேரம் இல்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் டொலேடோவில் எதெல்லாம் விடுபடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தாஹோ ஆறு மூன்று புறமும் வளைத்துக்கொண்ட பாறைக் குன்றின் மேல் அமைந்த நகரம் அது. விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் தலைநகராக இருந்து, இசுலாமியர் ஆட்சியில் செழித்து, 1085-ஆம் ஆண்டு கிறித்தவ மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோவின் கைக்கு வந்தது. 1561-இல் இரண்டாம் பிலிப் தம் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றிக்கொண்டதால் அதன் அரசியல் முக்கியத்துவம் குறைந்தது. பழைய நகரத்தின் அமைப்பு பெரிதும் கலையாமல் நமக்குக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1986-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் சந்துகளில் பெரிய பேருந்து நுழைய வழியில்லை. கீழே நிறுத்திவிட்டு, மலைச்சரிவில் அமைத்திருக்கும் எஸ்கலேட்டர்களில் ஏறித்தான் போக வேண்டும். மூட்டுவலி உள்ள முதியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் எஸ்கலேட்டர் விட்டுவிடும் இடத்திலிருந்து எங்கும் ஏற்ற இறக்கமான கல்பாவிய தெருக்களே என்பதையும் விளம்பரம் சொல்லியிருக்கலாம்.

அந்தக் குன்றின் மேல், நிதானமாக நடப்பவரும் அரை மணியில் கடந்துவிடும் தொலைவுக்குள், மூன்று சமயங்களின் வழிபாட்டிடங்கள் இருக்கின்றன. கிறிஸ்து தே லா லூஸ் என்று இன்று அழைக்கப்படும் சிறிய பள்ளிவாசலின் முகப்பில், செங்கற்களையே எழுத்தாக அடுக்கி, ஹிஜ்ரி 390 என்று கட்டிய ஆண்டைப் பொறித்திருக்கிறார்கள், கி.பி. கணக்கில் அது 999 அல்லது 1000. உள்ளே நான்கு தூண்கள், அவற்றுக்கு மேல் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லாத ஒன்பது கவிமாடங்கள். யூதர்கள் வாழ்ந்த பகுதியில் சாந்தா மரியா லா பிளாங்கா என்ற பழைய தொழுகைக்கூடம், வெள்ளைத் தூண்களும் குதிரை லாட வளைவுகளுமாக நிற்கிறது. யூதர்களுக்காகக் கட்டப்பட்டு, இசுலாமியக் கலை மரபில் அமைந்து, பின்னர் தேவாலயமாக மாற்றப்பட்ட கட்டடம் அது. சற்றுத் தள்ளி எல் திரான்சிதோ தொழுகைக்கூடம்; மன்னர் பெட்ரோவின் பொருளாளராக இருந்த சாமுவேல் ஹா-லெவி 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. கட்டியவர் பின்னர் அதே மன்னரின் சினத்துக்கு ஆளாகிச் சிறையில் இறந்தார். அதன் சுதைச் சுவர்களில் எபிரேய வாசகங்களோடு அரபு எழுத்துகளும் கலந்து ஓடுகின்றன. 1492-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் கையொப்பமான ஆணை யூதர்களை ஸ்பெயினிலிருந்து வெளியேற்றியது. அந்த ஆணையைப் பிறப்பித்த அரச தம்பதியர் இசபெல்லா, ஃபெர்டினாண்டு இருவரும் எழுப்பிய சான் ஹுவான் தே லோஸ் ரேயெஸ் மடாலயமும் சில நூறு அடி தொலைவில்தான் இருக்கிறது. இசுலாமியரிடமிருந்து மீட்கப்பட்ட கிறித்தவக் கைதிகளின் சங்கிலிகளை அதன் வெளிச்சுவரில் இன்றும் தொங்கவிட்டிருக்கிறார்கள். இவை அனைத்தையும் பற்றி வழிகாட்டி எங்களிடம் சொன்னார். நாங்கள் நுழைந்தது இவற்றுள் ஒன்றிலும் இல்லை.

பேராலயத்தின் கதையும் அதுவே. 1226-இல் தொடங்கி 1493 வரை கட்டப்பட்ட அந்தக் கோத்திக் ஆலயத்தை நாங்கள் எதிரே உள்ள சதுக்கத்தில் நின்று பார்த்தோம். இசுலாமியரிடமிருந்து கிரனாடாவைக் கைப்பற்றிய போரின் காட்சிகளைச் செதுக்கியிருக்கும் பாடகர் இருக்கைகள், மேல் கூரையைத் துளைத்து வெயிலைப் பலிபீடத்தின் பின்புறம் இறக்கிய திரான்ஸ்பரெந்தே என்ற 18-ஆம் நூற்றாண்டு அமைப்பு, எல் கிரேக்கோவின் ஓவியம் தொங்கும் திருப்பொருள் அறை எல்லாம் உள்ளே. கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் மட்டும் தொட்டுக்கொண்டு திரும்பியது போல இருந்தது. உள்ளே போக வேண்டுமானால் தனி நுழைவுச்சீட்டு, அத்துடன் குறைந்தது ஒன்றரை மணி நேரம். சீட்டுக்கான பணம் எங்களிடம் இருந்தது; ஒன்றரை மணி நேரம்தான் இல்லை. அதில் முக்கால் மணி, கறுப்பேற்றிய எஃகில் தங்கக் கம்பி பதிக்கும் டமாஸ்கினாடோ வேலைப்பாட்டுக் கடையில் கழிந்துவிட்டது. அக்கலை டொலேடோவுக்கு உரியது, நுட்பமானது, பார்க்கத் தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கைவினைஞர் ஐந்து நிமிடம் செய்துகாட்டிய பின் நாற்பது நிமிடம் விற்பனைக்கூடத்தில் நிற்பது, பேராலயத்துக்குள் செல்வதைவிட முக்கியம் என்று எந்தப் பயணி கேட்டார்?

குழுக்கள் பெரும்பாலும் தவறாமல் நுழையும் இடம் சாந்தோ தோமே தேவாலயம். ஒரே ஓவியத்தைப் பார்த்துவிட்டு வெளியேறிவிடலாம் என்பதால் நேரக் கணக்குக்கு அது ஒத்துப்போகிறது. அந்த ஒன்று, எல் கிரேக்கோ 1586 முதல் 1588 வரை தீட்டிய 'ஒர்காஸ் பிரபுவின் அடக்கம்'. கிரேத்தா தீவில் பிறந்து, 1577-இல் டொலேடோவுக்கு வந்து, 1614-இல் அங்கேயே இறந்தவர் அவர். இத்தேவாலயம் அவருடைய பங்குக் கோயில். 1323-இல் ஒர்காஸ் பிரபுவை அடக்கம் செய்தபோது புனித ஸ்தேவானும் புனித அகுஸ்தீனும் விண்ணிலிருந்து இறங்கிவந்து உடலைத் தாங்கினார்கள் என்பது ஊர்வழக்கு. அந்தப் பிரபுவின் கல்லறைக்கு மேலேயே, ஏறத்தாழ 4.8 மீட்டர் உயரத்தில் ஓவியம் நிற்கிறது. கீழ்ப்பாதியில் கறுப்பு உடையில் வரிசையாக நிற்பவர்கள் ஓவியர் காலத்து டொலேடோ கனவான்கள். புனித ஸ்தேவானின் பொன்னாடையில் அவரைக் கல்லெறிந்து கொன்ற காட்சி நெய்யப்பட்டிருக்கிறது. இடப்புறம் நம்மைப் பார்த்தபடி விரலால் சுட்டும் சிறுவன் ஓவியரின் மகன், அவன் சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்க்கும் கைக்குட்டையில் ஓவியரின் கையெழுத்தும், மகன் பிறந்த ஆண்டான 1578-உம் உள்ளன. கைக்குட்டையைக் கண்டுபிடிக்கவே நிதானம் வேண்டும். அடுத்த குழு பின்னால் காத்திருந்ததால் எங்களுக்குச் சில நிமிடங்களே கிடைத்தன. இருந்தாலும், அந்நாளில் எங்களுக்கு முழுமையாக வாய்த்தது இந்த ஒன்றுதான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

டொலேடோவைப் பற்றி இன்னொன்று. 12-ஆம், 13-ஆம் நூற்றாண்டுகளில் அரபு நூல்களை இலத்தீனிலும் பின்னர் காஸ்தில்ய மொழியிலும் பெயர்த்த அறிஞர்கள் கூடிய ஊர் இது. பண்டைக் கிரேக்க அறிஞர் தாலமியின் வானியல் நூலைத் தேடி இத்தாலியிலிருந்து வந்த கிரமோனா நகரத்து ஜெரார்டு, அதை 1175-இல் இலத்தீனில் முடித்தார். இந்திய எண்கள் ஐரோப்பாவுக்குப் போன பாதைகளில் ஒன்று ஸ்பெயின் வழியாகச் செல்கிறது. கிறித்தவ ஐரோப்பாவில் அவ்வெண்களைக் காட்டும் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் ஒன்று, 976-இல் வட ஸ்பெயினின் ஒரு மடாலயத்தில் எழுதப்பட்டது. அதில் 1 முதல் 9 வரை உண்டு, சுழியம் இல்லை. அது இன்று எல் எஸ்கோரியல் அரண்மனை நூலகத்தின் சேகரிப்பில் உள்ளது. மாட்ரிட்டிலிருந்து போகும் மற்றொரு வழக்கமான பேருந்துச் சுற்றுலாவின் நிறுத்தம் அந்த எஸ்கோரியல் என்பதை நினைத்தால், நம் வாசகர்களுக்காகவே எழுதப்படும் பயணக் குறிப்பில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கலாம் என்று தோன்றுகிறது.

செகோவியாவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. நல்வேளையாக, அவ்வூரின் தலைசிறந்த சின்னத்துக்குக் கதவு இல்லை, சீட்டு இல்லை, மூடும் நேரமும் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ உரோமானியர்கள் எழுப்பிய நீர்ப்பாலம் அது. பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலையோடையின் நீரை ஊருக்குள் கொண்டுவந்த வாய்க்கால், கடைசியாக ஒரு பள்ளத்தைக் கடப்பதற்காக 167 வளைவுகள் மேல் ஏறி நிற்கிறது. அசோகெஹோ சதுக்கத்தில் அதன் உயரம் 28 மீட்டர். கருங்கற்களுக்கு இடையே சாந்து கிடையாது. ஒன்றின் எடை மற்றொன்றை அழுத்தித் தாங்குவதாலேயே இத்தனை நூற்றாண்டுகளாக நிற்கிறது. கற்களின் முகத்தில் தெரியும் சிறு குழிகள், அவற்றைத் தூக்கிய இரும்பு இடுக்கிகள் பற்றிக்கொள்ள வெட்டியவை. 11-ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பில் இடிந்த வளைவுகளை 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் கட்டினார்கள். வாகனப் புகையும் அதிர்வும் கல்லைக் கெடுப்பதை உணர்ந்து, 1990-களில் அதன் அடியில் ஓடிய போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் சுமந்து அலுத்த பெண்ணொருத்திக்காகப் பிசாசு ஒரே இரவில் கட்டியது என்றும், விடியுமுன் ஒரு கல் குறைந்துபோனதால் அவள் ஆன்மா தப்பியது என்றும் ஊரில் கதை உண்டு. வழிகாட்டிகள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லத் தவறுவதில்லை.

சொல்லத் தவறுவது வேறொன்று. சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதோடு குழுக்கள் முடித்துக்கொள்கின்றன. அங்கிருந்து வளைவுகளை ஒட்டியே மேட்டை நோக்கிக் கால் மணி நேரம் நடந்தால், ஈரடுக்கு வளைவு ஓரடுக்காகி, அதுவும் படிப்படியாகக் குட்டையாகி, இறுதியில் வாய்க்கால் தரைமட்டத்தை நெருங்குவதையும், மணலும் வண்டலும் படிந்துபோகும்படி நீரைத் தேக்கித் தெளியவைத்த சிறு கல்கட்டடத்தையும் காணலாம். இந்த நடைக்குக் கட்டணம் ஏதும் இல்லை. நீர் எப்படி ஊருக்குள் வந்தது என்பது அந்த நடையில்தான் கண்ணுக்குப் புலப்படுகிறது. கிடைத்த 'சொந்த நேரம்' முப்பது நிமிடத்தில் எங்களில் சிலர் அதைச் செய்தோம். காப்பிக் கடைக்குப் போனவர்கள் ஒன்றும் இழந்துவிடவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஊரின் மறுகோடியில், இரண்டு ஆறுகள் சேரும் பாறை முனையில் கப்பலின் முகப்பைப் போல் நிற்கும் அல்காசர் கோட்டைக்கு நீர்ப்பாலத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். 1474 டிசம்பரில் இசபெல்லா அங்கிருந்து புறப்பட்டுவந்துதான் ஊரின் நடுச் சதுக்கத்தில் காஸ்தில்யாவின் அரசியாக அறிவிக்கப்பட்டார். 1862-இல் தீக்கிரையாகிப் பின்னர் புதுப்பிக்கப்பட்டது. குளிர்காலத்தில் அது மாலை ஆறு மணியோடு மூடிவிடும். டிசம்பரில் சூரியனும் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரண்டு ஊர்களையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லும் எந்தத் திட்டமும், இரண்டாவது ஊரை இருட்டில் காட்டும் திட்டமே. கோடையில் நிலைமை மாறும்: இரவு ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், ஆனால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் டொலேடோவின் பிற்பகல் வெயில் 40 டிகிரியை நெருங்கும். காலையில் டொலேடோ, மாலையில் 1,000 மீட்டர் உயரத்திலுள்ள செகோவியா என்ற வரிசையாவது அப்போது பொருத்தம். சில நிறுவனங்கள் இதைத் தலைகீழாக வைத்திருப்பதைக் கண்டேன்.

கிழமையும் முக்கியம். எல் திரான்சிதோவில் உள்ள, ஸ்பெயின் யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் செஃபார்தி அருங்காட்சியகமும், எல் கிரேக்கோ அருங்காட்சியகமும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். இவை அரசு நிறுவனங்கள் என்பதால் சனிக்கிழமை பிற்பகலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கட்டணமின்றி நுழையலாம். டொலேடோ பேராலயம் ஞாயிறு காலையில் வழிபாட்டுக்கு உரியது. பார்வையாளர்களுக்குப் பிற்பகலில்தான் திறக்கும். மதிய உணவு அங்கே இரண்டு மணிக்கு மேல். சிறு கடைகள் பலவும் இரண்டு முதல் ஐந்து வரை அடைத்திருக்கும். செகோவியாவின் புகழ்பெற்ற உணவு பால்குடி மாறாத பன்றிக்குட்டி வறுவல் என்பதால், சைவ உணவினர் குழுச் சாப்பாட்டில் தமக்கு என்ன கிடைக்கும் என்பதை முன்பே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது. டொலேடோவின் மாசபான் என்ற பாதாம் இனிப்பு அவர்களுக்கு ஓரளவு ஆறுதல் தரும்.

பயணத் திட்டத்தின் சொற்களைப் படிக்கும் முறையையும் வாசகர்களுக்குச் சொல்லிவைக்கலாம். 'பனோரமிக் டூர்' என்றிருந்தால் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்ப்பது. 'போட்டோ ஸ்டாப்' என்றால் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏறுவது. நுழைவுச்சீட்டு அடக்கம் என்று அந்தக் கட்டடத்தின் பெயரோடு எழுதியிருந்தால் மட்டுமே உள்ளே போவது. தெற்கே செல்லும் பயணங்களில் இது இன்னும் கூர்மையான சிக்கலாகிறது. கிரனாடாவின் இசுலாமியர் காலக் கோட்டை வளாகமான அல்ஹம்ப்ராவில் நஸ்ரீத் அரண்மனைகளுக்கு நுழையும் நேரம் சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும், சீட்டில் பயணியின் பெயரும் இருக்கும், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். குறித்த நேரம் தவறினால் அரண்மனையை மறந்துவிட வேண்டியதுதான். தோட்டங்களையும் கோட்டையையும் மட்டும் காட்டும், அரண்மனைகள் அடங்காத மற்றொரு சீட்டும் விற்பனையில் உண்டு. 'அல்ஹம்ப்ரா அடக்கம்' என்று மட்டும் எழுதியிருக்கும் திட்டத்தில் எந்தச் சீட்டு என்று கேட்காமல் பணம் கட்டுவது கூடாது. 785-இல் தொடங்கப்பட்டு 856 தூண்களோடு நிற்கும், மெஸ்கீத்தா எனப்படும் கோர்தோபாவின் பழைய பள்ளிவாசலும், மாட்ரிட்டிலிருந்து செவில்லாவுக்குப் போகும் வழியில் பல திட்டங்களில் மதிய உணவு நிறுத்தமாகவே சுருங்கிவிடுகிறது.

பேருந்துச் சுற்றுலாவே வேண்டாம் என்பது என் வாதமன்று. மொழி தெரியாத நாட்டில் பெட்டிகளையும் வயதான பெற்றோரையும் அழைத்துக்கொண்டு செல்வோருக்கு, விடுதி வாசலிலிருந்து விடுதி வாசல் வரை கொண்டுவிடும் வண்டிக்கு மாற்று இல்லை. என் தாயார் அந்த நாளை முழுமையாகக் கழித்தது பேருந்தினால்தான். ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று வைத்தால் அதே பேருந்து, அதே ஓட்டுநர், அதே வழிகாட்டியைக் கொண்டு ஐந்து, ஆறு மணி நேரம் ஊருக்குள் இருக்க முடியும்; ஒரு நாளில் ஓட்டும் தொலைவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. நடக்க வல்லவர்களுக்கு இரயிலும் இருக்கிறது: மாட்ரிட் ஆத்தோச்சா நிலையத்திலிருந்து டொலேடோவுக்கு அதிவேக இரயில் ஏறத்தாழ 35 நிமிடத்தில் போய்விடுகிறது, 1919-இல் திறந்த டொலேடோ நிலையக் கட்டடமே பார்க்கத் தக்கது, சமார்த்தின் நிலையத்திலிருந்து செகோவியாவுக்கு அரை மணி, ஆனால் அந்த நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் நகரப் பேருந்து ஒன்று பிடிக்க வேண்டும். குழுவில் வருபவர்களில் விரும்புவோர் ஒரு நாளை இப்படிக் கழிக்க அனுமதி கேட்கலாம். எங்கள் நிறுவனம் அதற்கு இணங்கவில்லை, பணமும் திரும்பாது என்றது.

நிறுவனங்களிடம் நான் எதிர்பார்ப்பது கட்டணக் குறைப்பு அன்று. ஒவ்வொரு ஊரின் பெயருக்கும் எதிரே, அங்கே இறங்கி நடக்கும் நேரம் எவ்வளவு, உள்ளே நுழையும் கட்டடங்கள் எவை, கடை நிறுத்தம் எத்தனை நிமிடம், உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி உண்டா என்பவற்றை அச்சிட வேண்டும். இவை அவர்களுக்குத் தெரியாத விவரங்கள் அல்ல. ஓட்டுநரின் கால அட்டவணையை வகுக்கும்போதே இவற்றையும் வகுத்துவிடுகிறார்கள். தங்கள் நாளிதழும் பயணக் கட்டுரைகளின் இறுதியில், ஓர் ஊருக்குத் தேவையான குறைந்த அளவு நேரத்தையும், விடுமுறைக் கிழமையையும், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள மூடும் நேர வேறுபாட்டையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். கோடைக்காலக் குழுப் பயணங்களுக்கான முன்பதிவு விளம்பரங்கள் வரத் தொடங்குமுன் இக்கடிதத்துக்கு இடமளித்தால், பணம் கட்டவிருப்போர் இக்கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்